கடலோர நண்பர் குழுவின் மலையேற்றம்: ஒரு சுருக்க ஆய்வு

திருச்செந்தூர் நண்பர்கள் முதுகுப் பையுடன் சனிக்கிழமை விடியலில் புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும் நிகழ்வு மலையேற்றம் எனப்படும். இதில் மலைக்குரிய பங்கு மிகச் சிறிது என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் நில அமைப்பு. ஆறுபடை வீடுகளில் கடலோரத்தில் இருப்பது இந்த ஊர் ஒன்றே. இங்கும் ஒரு சந்தன மலை இருந்ததாகத் தல மரபு கூறும். இன்று அதில் ஏறி எவருக்கும் மூச்சு வாங்குவதில்லை. ஊராருக்குள்ள படிப் பழக்கமோ நாழிக்கிணற்றுக்குள் இறங்குவது. மேற்கே பொதிகையில் அகத்தியர் மலை 1,868 மீட்டர். அந்தத் தொடரில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, பக்கத்துப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. மலைத் தண்ணீரே ஊர்ப்பக்கம் வந்துவிடும்போது அதைத் தேடி ஏன் ஏற வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. இளைஞர் தரப்பிலிருந்து இதற்குத் தக்க மறுப்பு இதுவரை வரவில்லை.

திட்டம் கடற்கரை மணலில் உருவாகி வாட்ஸ்அப்பில் நோய்வாய்ப்படும். "கண்டிப்பா வாரேன் மக்கா" என்றவருக்கு முதல் நாள் மச்சினன் நிச்சயதார்த்தம் நினைவுக்கு வரும். "பாப்போம்ல" என்று இழுத்தவர் ரயில் நிலையத்தில் முதல் ஆளாக நிற்பார். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 தடங்களை இணையப் பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று தரம். குழு கடினமானதைப் பற்றி ஒரு வாரம் விவாதித்து, எளிதானதில் பதிவு செய்யும்.

பையே இத்துறையின் மையப் பொருள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைப் பை தாண்டக் கூடாது என்பது மலையேறுவோர் வழக்கு. இங்கே அந்தப் பங்கை உடன்குடிக் கருப்பட்டியும் முறுக்கும் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறுமே நிரப்பிவிடுகின்றன. தின்பண்டம் வைத்திருப்பவரின் பையைத் தூக்க எல்லோரும் முன்வருவர். பொதுத் தண்ணீர்க் கேன் மட்டும் ஒருவர் தோளிலேயே கிடக்கும். அவர் பெரும்பாலும் குழுவில் இளையவர், அல்லது அண்மையில் வேலை கிடைத்தவர். சோறு தீரத் தீரப் பை இலேசாகும் என்ற எதிர்பார்ப்பும் பலிப்பதில்லை, நனைந்த துண்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

விடுபடும் பொருள் உப்பு. மழைக்காலக் காட்டில் காலில் ஏறும் அட்டையைக் கழற்ற அதுதான் கைமருந்து. உப்பள மாவட்டத்துக்காரர்கள், ஆறுமுகநேரி உப்பளப் பகுதி வழியாகவே ரயிலில் போயும், ஒரு பிடி உப்பு எடுத்துப்போவதில்லை. உப்பை யாராவது கொண்டுவருவார்கள் என்று எல்லோரும் நம்புவதே காரணம். கடைசியில் முறுக்கை நொறுக்கித் தேய்த்துப் பார்ப்பர். அட்டை அசையாது.

பயணம் 1923-இல் திறந்த ரயில் தடத்தில் நாசரேத், ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திருநெல்வேலிக்கு, அங்கே தோசை, பிறகு செங்கோட்டைத் தடத்தில் தென்காசி. குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிப் பக்கம் ஏறுவது போன்ற நடையே இக்குழுக்களுக்கு உகந்தது.

ஏற்றம் பற்றி எழுத அதிகம் இல்லை. வழிகாட்டி ரப்பர் செருப்பில் முன்னே நடப்பார். புது பூட்ஸ் போட்டவர்கள், "இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?" என்று பின்னால் கேட்பார்கள். "இந்தா, வந்துட்டு" என்பதே விடை. அதைத் தூர அளவையாகக் கொள்ளலாகாது. உச்சியில் படம் எடுக்கப்படும். எடுத்தவர் படத்தில் இருக்கமாட்டார்.

இறுதிக் கட்டம் கணக்கு. ஆட்டோ, தோசை, பதிவுக் கட்டணம் ஆகியவை தலைக்கு வகுக்கப்படும். கருப்பட்டி வீட்டிலிருந்து வந்ததால் சேராது. வராத மச்சினன்காரரிடம் பதிவுப் பணம் கேட்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த நிலுவை தீரும்வரை அடுத்த மலையின் பெயரைக் குழுவில் எவரும் எடுப்பதில்லை.