சேவை நாழிக்கு ஒரு மோட்டார்

அம்பத்தூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு: கைப்பிடி உள்ள எதைக் கண்டாலும் மோட்டார் மாட்டத் தோன்றும். 1964-இல் தொழிற்பேட்டை வந்த ஊர். பக்கத்து ஆவடியில் அர்ஜுன் டாங்கியே உருண்டு வெளியே வருகிறது. நான் மட்டும் திருகு சேவை நாழியைக் கையால் சுற்றுவதா?

முன்னோடி இல்லாமலும் இல்லை. 1955 வாக்கில் கோவை சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்தார். தமிழ்நாட்டுத் தோள்கள் பிழைத்தன. கோவை கிரைண்டர் பிறகு புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

நாழியின் கைப்பிடியைக் கழற்றினால் திருகின் தலையில் அறுகோண நட்டு. அதில் கச்சிதமாக உட்காரும் அடாப்டரைக் கணினியில் வரைந்து, முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்தேன். ஐந்து மணி நேரம். மறுமுனையில் டிரில்.

சேவை மாவு ஆவி பறக்கும்போதுதான் இறங்கும், ஆறினால் கல். பி.எல்.ஏ.வோ 60 டிகிரியிலேயே இளகிவிடும் ரகம். இந்த இரண்டையும் நான் தனித்தனியாக நன்றாக அறிந்திருந்தேன்! டிரில் சுற்றியது, அடாப்டர் சுற்றியது, திருகு அசையவில்லை. அறுகோணத் துளை வட்டமாகியிருந்தது.

இரும்பில் கடைந்து வாங்கலாமென்று தெருமுனை லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் நட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்கு சார் கடைசல்? ஸ்பேனர் செட்டுல இருக்கற சாக்கெட்டே போதுமே.”

சாக்கெட் பொருந்தியது. கழற்றி வைத்த கைப்பிடியைத்தான் காணவில்லை. மின்சாரம் போன நேரங்களில் அம்மா அதைப் பற்றி விசாரிக்கிறாள்.