தொண்டுத்துரை

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்தருகே மண் கோப்பையில் டீ குடித்துவிட்டு, காலிக் கோப்பையைத் தூக்கி எறிய மனம் வராமல் நிற்கிறானே வெள்ளைக்கார இளைஞன், சந்தேகமே வேண்டாம், அவன்தான் தொண்டுத்துரை. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஜாடை ஒன்றுதான். கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட கம்சா. இந்த ஊர்க்காரர்கள் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளும் துண்டு அது என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை. பாவம், மனசு விட்டுப்போகும்.

படிப்பு முடிந்தாயிற்று, வேலை இன்னும் கிடைக்கவில்லை. நடுவே மூன்று மாதம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். கிராமம் சுந்தரவனத்தில், கோசபா பக்கம். இங்கே கேனிங் லோக்கல் பிடித்து, கேனிங்கில் ஆட்டோ மாறி, கோத்காலியில் படகேற வேண்டும். கேனிங்குக்கு ரயில் 1860களிலேயே போய்விட்டது. துரைமார் பின்னாலேயே போனார்கள். ஸ்காட்லாந்துக்காரர் டேனியல் ஹாமில்டன் 1903இல் கோசபாவில் நிலம் வாங்கி, கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, 1936இல் சொந்தமாக ஒரு ரூபாய் நோட்டே அடித்துவிட்டார். நம் துரையிடம் நோட்டு கிடையாது, ஸ்டிக்கர் உண்டு. ஸ்பெல்லிங் சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம்.

மாநிலத்தின் இடதுசாரி அரசு 1980களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுப் பின்னால் திரும்பக் கொண்டுவந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் இன்றைக்குப் பல பிள்ளைகளின் பெற்றோர். ஆங்கிலம் என்றால் உயிர். துரைக்கு அது தாய்மொழியாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஸ்பெயின்காரன் வந்தாலும் சரி, தோல் நிறம் போதும்.

முதல் நாளே ஆற்றில் நீர் வடிந்திருக்கும். படித்துறைச் சேற்றில் மலையேறும் பூட்ஸ் ஒன்று போய்விடும். மிச்சப்பட்ட துரையைச் சின்னப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கரையேற்றுவாள். பிறகு வகுப்பு. 'டி ஃபார் டைகர்' என்று அட்டையை உயர்த்திக் காட்டினால், பையன்கள் எழுந்து நின்று, "எந்தக் கரையில, சார்?" என்பார்கள்.

ஜாதவ்பூரில் அவன் தங்கும் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மாஷியின் மகனும் அந்த வகுப்பில்தான். 2009இல் ஐலா புயலோடு வயலுக்குள் உப்புத் தண்ணீர் வந்ததிலிருந்து மாஷிக்கு இங்கே வேலை, மகனுக்கு அங்கே பாட்டி. மகனை மாஷி பார்ப்பதைவிட துரை அதிகம் பார்க்கிறான். மாஷி அதை வீணாக்குவதில்லை.

"பாபா, சனிக்கிழமைதானே போறே? இந்த ஜுர மாத்திரையைக் குடுத்துடு. சாப்பிட்டப்புறம்னு சொல்லு, கிழவி வெறும் வயித்துல குடுத்துடுவா."

அடுத்த வாரம் பள்ளிச் சட்டை. அதற்கடுத்து ரேஷன் கார்டு நகல், செல்போன் சார்ஜர். பாடத்திட்டம் எப்படியோ, இந்தத் துறையில் துரை பிழையே விட்டதில்லை. வங்காள மொழியும் இதில்தான் வந்தது.

விஷயம் வீட்டுக்கார அம்மாள் காதுக்கு எட்டியது. பிரிவினையில் அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய காலனி இது. கிழக்கு வங்க நாக்கு கருவாட்டுக்கு ஏங்கும். "வரும்போது ஒரு கிலோ வாங்கிட்டு வாப்பா" என்று உத்தரவு.

கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கேனிங் லோக்கலில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எதிர் சீட்டுக்காரர் என்ன விலை என்றார். துரை வங்காள மொழியிலேயே சொன்னான்.

"ஐயோ, நல்லா ஏமாத்திட்டாங்களே" என்று அவர் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.