உப்புச் சப்போடு சில பதில்கள்

கே: உப்பளத் தொழிலாளர்கள் வெயிலில் படும் பாட்டை ஆராய்ச்சி செய்திருக்கிறார்களாமே? வெயில் சுடும் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு?
(உப்பளத் தொழிலாளியின் மகள், மரக்காணம்)

ப: வெயில் சுடும் என்பதை உங்கள் அம்மாவின் பாதமே சொல்லிவிடும். சிறுநீரகம் அப்படியில்லை. பெரும்பகுதி கெடும்வரை அது வாய் திறப்பதில்லை. அதைப் பேச வைக்கத்தான் ஆராய்ச்சி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர், பரிந்துரைத்த வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

ஊராரிடம் கொண்டுபோக நினைத்து இந்த எண்களை அப்படியே ஒலிபெருக்கியில் வாசித்தால் ஊர் கொட்டாவி விடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள். விடியுமுன் பாத்தியில் இறங்குகிறாள் ஒரு பெண். தாகம் எடுக்கிறது. பாட்டிலைத் திறக்கவில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி. வியர்வையாக நீர் போகிறது, உள்ளே நீர் வரவில்லை. வருஷக்கணக்கில் இதே கதை. "அட, கழிப்பறை இல்லாததற்கும் கிட்னிக்கும் சம்பந்தமா?" என்று கேட்பவரே கேட்டுவிடுவார்.

அந்த நூற்றுக்கு ஏழு பேருக்கும் வெயில் ஒன்றே காரணம் என்று ஆய்வு நிரூபித்துவிடவில்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் கேட்டு நாளை முதலாளி முன்னால் நிற்பவர், மிகைப்படுத்திய ஒரு வரியால் மடக்கப்பட்டுவிடக் கூடாது.

கே: அறிவியலைக் கதையாகச் சொல்லப்போய், கதை விடுவதில் முடிந்துவிடாதா?
(ஒரு வாசகர், திண்டிவனம்)

ப: முடியும், 'எப்படித் தெரிந்தது?' என்பதை விட்டுவிட்டால். உப்பு தொடர்பாகவே ஒன்று சொல்கிறேன். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குமேல் கழுத்துக் கழலை. டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் 1956இல் அந்த வட்டாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. 1962இல் போய்ப் பார்த்தால் அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு பகுதிகளிலும் கழலை ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. சாதா உப்புப் பகுதியில் குறையவே இல்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு போனது, அங்கும் குறைந்தது.

'அயோடின் உப்பு நல்லது' என்று விளம்பரமும் சொல்கிறது. அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அந்த மூன்றாவது பகுதியைச் சொன்னால் போதும், கேட்பவரே தீர்ப்பு எழுதிவிடுவார். "அந்தப் பிள்ளைகளை ஆறு வருஷம் காக்க வைத்தது நியாயமா?" என்றும் யாராவது எழுந்து கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு இடம் வைக்காமல் மருந்தின் மகிமையை மட்டும் பாடினால்தான் அது கதை விடுவது.

கே: கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்காதா?
(குடும்பத் தலைவி, கூனிமேடு)

ப: இருக்கும், போதாது. பாத்தியில் உப்பு உறையும்போது அயோடின் பெரும்பாலும் கூடவே உறைவதில்லை. மிச்சமாகும் கசப்புத் தண்ணீரோடு கிளம்பிவிடுகிறது.

கே: சோடியமும் குளோரினும் பேசிக்கொள்வதுபோல் மாணவர்களுக்கு நாடகம் எழுதட்டுமா?
(ஆசிரியர், மரக்காணம்)

ப: பிள்ளைகளை ஒருநாள் உப்பளத்துக்குக் கூட்டிப்போங்கள், வசனம் எழுதும் வேலை மிச்சம். கடல்நீர் சுமார் 3.5 போமே டிகிரியில் (நீர் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு) உள்ளே வருகிறது. பாத்தி மாறி மாறிக் காய்ந்து கெட்டியாகிறது. முதலில் சுண்ணாம்பு கழன்றுகொள்கிறது, அடுத்து ஜிப்சம். 25 டிகிரி வாக்கில்தான் நம் உப்பு தலைகாட்டும். 29, 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் புகுந்து கசக்கும். அதற்குள் தண்ணீரை வடிக்க வேண்டும். நல்ல அனுபவசாலி ஒருவரைத் தண்ணீரைப் பார்த்து டிகிரி சொல்லச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் போமே மானியை மிதக்கவிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போனால் கைதட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது, காரணம் தேட ஒரு வேலை கிடைத்தது.

கே: கழுவெளி ஏரிக்கு வரும் பூநாரைக்கு இளஞ்சிவப்பு எங்கிருந்து வந்தது?
(ஏழாம் வகுப்பு மாணவன்)

ப: சாப்பாட்டிலிருந்து. உப்பு நீரில் வளரும் பாசியிலும், அதைத் தின்னும் பொடி இறாலிலும் உள்ள நிறப்பொருள் இறகில் ஏறுகிறது. குஞ்சாக இருக்கும்போது பூநாரை சாம்பல் நிறம்தான். சரி, எப்படித் தெரியும் என்று நீ கேட்க வேண்டும்! விலங்குக் காட்சிசாலைகளில் வேறு தீனி போட்டார்கள், பறவைகள் வெளுத்தன. அந்த நிறப்பொருளைத் தீனியில் கலந்தார்கள், நிறம் திரும்பியது.

கே: தமிழில் அறிவியலை இப்படி எழுதியவர்கள் யார்?
(நூலகர், விழுப்புரம்)

ப: வழக்கறிஞராக இருந்துகொண்டே அறிவியல் கட்டுரைகளை எழுதிக் குவித்த பெ.நா. அப்புசாமி. ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களுக்குப் பதில் சொன்ன சுஜாதா. பிள்ளைகளுக்காக 1987இல் தொடங்கிய 'துளிர்' இதழ். இவர்கள் பிறர் செய்த ஆய்வை நமக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வு செய்பவரே கதையாக எழுத வேண்டும் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் 'அவ்சர்' என்ற பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல காரியம். பரிசுக் குழுவுக்கு அனுப்புமுன், மாதிரி எடுத்த ஊரில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி போட்டால் இன்னும் மகிழ்வேன்.

கே: கழுவெளி மண்ணை ஆராய்கிறேன். ஊராருக்கு எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது?
(ஆய்வு மாணவி, புதுச்சேரி)

ப: உங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். எதை எதிர்பார்த்தீர்கள், எது வந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். "அங்கே வேண்டாம்மா, இங்கே தோண்டு" என்று வழிகாட்டியவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு பெயரைச் சொல்லுங்கள். பாதி அறிவு அவருடையது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பள வேலை நின்றிருக்கும். ஆட்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் கூலியும் நின்றிருக்கும். வேறு வேலை தேடிப் போகிற காலை நேரத்தை விட்டு, மாலையில் கூட்டம் வையுங்கள்.