ஷூ லேஸ் முடிச்சியல்: ஒரு மறுப்புரை

ஓட்டப்பயிற்சிக்குக் கட்டப்படும் ஷூ லேஸ்கள் இருவகைப்படும்: அவிழ்ந்தவை, அவிழப்போகிறவை. இரண்டாம் வகை முதல் வகையாவதைத் தள்ளிப்போடுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் பிறர் மதம் கூறி மறுப்போம். 'இறுக்கிக் கட்டு' என்பார் ஒரு சாரார். அவர்கள் பாதம் மரத்துப்போய் வீடு திரும்புவர். 'இரட்டை முடிச்சு போடு' என்பார் மற்றொரு சாரார். மழையில் ஊறிய இரட்டை முடிச்சை நகத்தால் நெம்பித் தோற்றவர் எவரும் இக்கட்சியில் நிலைப்பதில்லை. மிஞ்சிய நுனியை ஷூவுக்குள் திணிப்போரை வாதத்துக்கே அழைக்க வேண்டியதில்லை.

கோக்கும் முறையில்தான் குற்றம் என்பாரும் உளர். கணிதவியலாளர் புர்கார்ட் போல்ஸ்டர் 2002இல் இதற்கு விடை சொல்லிவிட்டார். ஆறு ஜோடித் துளைகளில் லேஸைக் கோக்கக் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி வழிகளாம். வலிமையில் வென்றவை குறுக்குக் கோப்பும் நேர்க் கோப்பும், அதாவது கடைக்காரர் கோத்துக் கொடுப்பவையே. ஆகவே குற்றம் முடிச்சில்.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2017இல் இக்குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்தனர். ஒருவர் டிரெட்மில்லில் ஓட, வினாடிக்கு 900 படம் எடுக்கும் கேமரா ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப்போல் 7 மடங்கு அதிர்ச்சி இறங்கி முடிச்சு நெகிழ்கிறது. கால் வீசும்போது நுனிகள் சவுக்காகச் சுழன்று கயிற்றை உருவுகின்றன. உட்கார்ந்து காலை ஆட்டினால் மட்டும் அவிழாது. நின்ற இடத்தில் மிதித்தால் மட்டும் அவிழாது. இரண்டும் சேர வேண்டும். வெகுநேரம் ஒன்றும் நடவாததுபோல் இருந்து, நெகிழத் தொடங்கியதும் சில எட்டுகளில் காரியம் முடிந்துவிடுகிறது.

இனி எம் மதம். கட்டிய முடிச்சை மேலிருந்து நோக்குக. இரு வளையங்களும் ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் நன்று. ஒன்று விரலையும் மற்றொன்று கணுக்காலையும் பார்த்தால் அது கோணல் முடிச்சு. முந்தி அவிழ்வது அதுவே. பரிகாரம் எளிது. முதலில் போடும் வெறும் பின்னலில் வலதை இடதின்மேல் போடுபவர், இனி இடதை வலதின்மேல் போடுக. வளையத்தைப் பழையபடியே சுற்றுக. அவ்வளவுதான். கை பிடிவாதமாகப் பழைய பக்கமே திரும்பும், விட்டுக்கொடுக்கலாகாது.

கணுக்காலருகே தனியே நிற்கும் கடைசித் துளையைப் பலர் தயாரிப்புப் பிழை என்றே எண்ணுகின்றனர். லேஸை அதே பக்கத்துத் துளையில் உள்நோக்கி நுழைத்து ஒரு சிறு வளையம் விடுக. எதிர்ப்பக்க லேஸை அதனூடே செலுத்தி இழுத்துக் கட்டுக. குதிகால் வழுக்காது. இதில் லேஸின் நீளமும் கொஞ்சம் செலவாகும், அதுவும் நல்லதற்கே. பெர்க்லியார் நுனிகளில் எடை கூட்டிப் பார்த்தபோது முடிச்சுகள் அவிழ்வதும் கூடியது. அதற்காக நுனியைக் கத்தரிக்கப் புகுவோர் அறிக: முனையிலுள்ள பிளாஸ்டிக் உறை போனால் நூல் பிரிந்து, எச்சில் தொட்டுத் திரித்தாலும் துளைக்குள் நுழையாது.