மஞ்சளா, பச்சையா?

வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்கச் சொல்கிறவர் நம்மவர். குடிக்கிற தண்ணீர் இல்லை, அதைக் கொடுப்பதற்கு அவருக்கு நேரம் இருக்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் கடல் மீனுக்கென்று இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் வெள்ளை மணல், நாலு கல், ஒரு பம்ப், ஒரு நீல லைட். மீன் மட்டும் கிடையாது. "மீன் எங்க சார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. "சைக்கிள் ஓடுது" என்பார். அப்புறம் நீங்கள் எங்கேயும் போக முடியாது.

சைக்கிள் என்றால் இதுதான்: அழுகுகிற எதிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதை அவ்வப்போது தண்ணீர் மாற்றிச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த பாக்டீரியாக்கள் குடித்தனம் வந்து சேர ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும், அதுவரை மீன் விடக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதை அவர் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அம்மோனியா தானாக வராதே என்று ஒரு பச்சை இறாலைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிடுவது ஒரு வழி. நம்மவர் போட்டது சாதா இறால் அல்ல, பழவேற்காட்டு இறால். அவர் மனைவி அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த டெஸ்ட் இருக்கிறதே!

சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர். இரண்டு பாட்டிலிலிருந்தும் எண்ணி எட்டெட்டு சொட்டு. குலுக்கி, ஐந்து நிமிஷம் வைத்து, நிறம் அச்சடித்த அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் அம்மோனியா பூஜ்யம். லேசாகப் பச்சை தட்டினால் கால் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் கால் பங்கு. இந்த மஞ்சளுக்கும் அந்த இளம்பச்சைக்கும் நடுவில்தான் நம்மவர் குடியிருக்கிறார். கம்பெனியில் லாட் லாட்டாக ரிஜெக்ட் செய்து சப்ளையர்களைக் கண்கலங்க வைக்கிற மனுஷன், வீட்டில் இந்தக் குழாயைக் கையில் எடுத்தால் தன் கண்ணையே நம்ப மாட்டார். அடுத்தவர் கண் வேண்டும்.

பால்காரர் பார்த்திருக்கிறார். கேன் போடுகிற பையன் மாடி ஏறி வந்த மூச்சு அடங்காமல் பார்த்திருக்கிறான். பத்திரிகை வைக்க வந்த சித்தப்பா, கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர், அவரும் பார்த்து "எனக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுதுப்பா" என்றார். நம்மவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. ரீடிங்காரர், "போன தடவையும் இதே கலர்தான் சார் காட்டுனீங்க" என்று சொல்லிவிட்டு மீட்டரைக்கூடப் பார்க்காமல் படி இறங்கப் போனார். டியூப்லைட்டில் ஒரு தடவை, மொட்டை மாடி வெயிலில் ஒரு தடவை, ஃப்ரிட்ஜின் வெள்ளைக் கதவுக்கு முன்னால் ஒரு தடவை. "சும்மா சொல்லாதீங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க." மஞ்சள் என்றால், "அட்டையப் பாத்தீங்களா?" பச்சை என்றால், "எவ்வளவு பச்சை?"

ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் அந்த நிறம் செல்லாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். ஆனாலும் விடியற்காலை போட்ட டெஸ்ட்டை ஜி.என்.டி. ரோட்டில் ஏழு மணி பஸ்ஸில் நீட்டுகிறார். குழாய் சீட் சீட்டாகக் கைமாறியது. மெயின்டனன்ஸ்காரர் ஒருவர், "வெண்டிக்கா பிஞ்சு கலர்" என்றார். ஸ்டோர்ஸ்காரர், "எலுமிச்சை" என்றார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கேட்டதில் அவர் கெட்ட வார்த்தை சொன்னார். மொத்தத்தில் பச்சைக்கே மெஜாரிட்டி. நம்மவர் முகம் தொங்கிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைத் தட்டிப் பார்த்தவர், "கண்ணாடியில கூலிங் பேப்பர் ஒட்டியிருக்காங்க. அதான் பச்சையாத் தெரியுது" என்றார்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது, 2012-இல் தொடங்கியது, பஸ் ஏறினால் போய்விடலாம். கொளத்தூரில் தெருத் தெருவாக மீன் கடை, தலைமுறையாக இதே தொழிலில் இருக்கிறவர்கள். அங்கே யாரையும் கேட்க மாட்டார். தெரிந்தவர்களைக் கேட்டால் பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்துவிட்டால் மறுநாள் யாரிடம் எதைக் கேட்பது?

உப்பு விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் வெளிநாட்டு உப்பை லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் கரைத்து நம்மவர் கடல் தயாரிக்கிறார். தொட்டிக்கு இரண்டு கிலோவாவது ஆகும். எங்கள் பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில், கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்து ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கென்று 2010-இல் ஓர் ஆலையைத் திறந்தார்கள். உப்பை எடுக்க அவர்கள், போட இவர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்துக் கடல் உள்ளே வந்துவிட்ட ஊர்களில் போர் போட்டாலே உப்பாகத்தான் வருகிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்களேன் என்று ஒருவர் சொன்னார். "அது வேற உப்பு" என்று அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

"சரி, கடல்லேர்ந்தே ரெண்டு கேன் மொண்டு வரலாமே?" என்று நான் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டவில்லை, குழாயை நீட்டவில்லை. "எண்ணூர்லேர்ந்தா?" என்றார். அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கால் பிபிஎம்மா இல்லையா என்று அங்கே யாரும் அட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மூக்கே சொல்லிவிட்டது. ஒரு இரண்டடித் தொட்டிக்கு ஒரு மனுஷன் இத்தனை பயப்படுகிறான். கடலுக்குள் குழாய் போட்டவர்களுக்கு அதில் பாதிப் பயம் இருந்தால் போதும். இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை கிடையாது.

மற்றதெல்லாம் சண்டைதான். அக்னி நட்சத்திரத்தில் தொட்டி சூடாகிவிடும் என்று டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் திருப்பிவைத்தார், வீட்டார் வியர்த்துக்கொண்டு இருந்தார்கள். ஃபேன் காற்றில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இது தெரியாமல் மாமனார் ஒரு கை உப்பும் சேர்த்துப் போட்டுவிட்டார். மாமனார் இப்போது சின்ன மகள் வீட்டில் இருக்கிறார்.

கடைசியில் மீன் வந்தது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், ஒரு ஜோடி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பண்ணையிலேயே பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ கொண்டுவந்துவிட்டார்கள். கடலிலிருந்து பிடித்தது வேண்டாம், பண்ணைக் குஞ்சுதான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடி வாங்கினார். பவளக்கல் என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டியபோது, "அது புலி இருக்கிற பட்டியல்ல இருக்குய்யா, உள்ள தூக்கி வச்சிருவாங்க" என்று விரட்டியும் விட்டார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பவளத்தை முதல் அட்டவணையில் சேர்த்தது நிஜம்தான். இதெல்லாம் அவரிடம் சுத்தம்.

போன வாரம் ராத்திரி கரன்ட் போய் வெகுநேரம் வரவில்லை. பம்ப் நின்றால் தண்ணீருக்குக் காற்று கிடையாது. சார்ஜர் லைட்டை இரவல் வாங்கப் போன நான் பார்த்தது இது: லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு எவர்சில்வர் டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து உள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கிறார். இறாலுக்காகச் சண்டை போட்ட அந்த அம்மா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "நீங்க கொஞ்சம் உக்காருங்க, நான் ஊத்துறேன்" என்று டம்ளரை வாங்கிக்கொள்கிறார். என்னைப் பார்த்தும் நம்மவர் எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. சார்ஜர் லைட்டைக் கேட்காமலேயே திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பஸ்ஸில் குழாயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அது வேறு விஷயம்.

இப்போது நாலடித் தொட்டி வாங்கப்போவதாகப் பேச்சு. வீட்டில் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. நான் அவர் கட்சி. சின்னத் தொட்டியில் ஒரு துளி தீனி அதிகமானாலும் எல்லாம் ஏறி இறங்கும், தினம் டெஸ்ட் பண்ணத்தான் வேண்டும். தண்ணீர் அதிகமாக ஆக எதுவும் மெல்லத்தான் மாறும், வாரத்துக்கு ஒரு டெஸ்ட் போதும். கொளத்தூர் கடைக்காரர்களே, கும்மிடிப்பூண்டியிலிருந்து சட்டைப் பையில் கண்ணாடிக் குழாயோடு ஒருவர் வந்தால், தயவுசெய்து விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது பெரிய தொட்டியாகவே கொடுத்து அனுப்புங்கள். ஏழு மணி பஸ்ஸில் வருகிற அத்தனை பேர் சார்பாகவும் கேட்டுக்கொள்கிறேன்.