வளவில் சினிமா, டாக்கீஸில் கல்யாணம்

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய்ச் சம்பாதித்துக் கட்டியது. தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். சித்திரை வெயிலிலும் அதில் முதுகைச் சாய்த்தால் சிலுசிலுவென்றிருக்கும்.

என் சின்ன வயதில் அந்த வீட்டில் கல்யாணம் நடக்கும். சினிமா என்ற பேச்சே நடக்காது. அதற்கு ஊர்க்கோடியில் டாக்கீஸ் இருந்தது. அப்பத்தாவுக்குக் கூத்தாடிகள் என்றாலே ஆகாது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-இல் வந்தபோதுகூட, "நம்ம பிள்ளைதான், அதுக்காக?" என்றாளாம். நாங்கள் படம் பார்த்துவிட்டு வந்தால் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும், அதுவும் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு.

அப்பத்தா போய்ச் சேர்ந்தாள். பங்காளிகள் பெருகினார்கள். வீட்டுக்கு இன்று முப்பத்தொரு பங்கு. ஓடு மாற்ற ஒரு கையெழுத்து சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், ஒன்று நியூஜெர்சியிலிருந்து. வராது. மழை மட்டும் தவறாமல் வரும். 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' வந்ததோ இல்லையோ, எங்கள் பக்கத்து வீடுகளுக்கு முகராசி கூடிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் ஒரு யூனிட் வந்து நின்றது. நாள் வாடகை என்றதும் முப்பத்தொரு கையெழுத்தும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன.

இதுவரை எங்கள் வளவில் ஒன்பது சினிமாக் கல்யாணம். அதில் நாலு நின்றுபோயின, வில்லன் வந்துவிட்டான். ட்ராலி உருட்டியதில் ஆத்தங்குடிக் கல் ஆறு உடைந்தது. அந்த இடத்தில் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு யூனிட், பழமை போதவில்லை என்று தூணெல்லாம் சிலந்திவலை தெளித்தது. அசல் சிலந்திவலையை முதல் நாள்தான் கூலி கொடுத்து அடிக்கச் சொல்லியிருந்தோம். குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓடு மாறியது அந்தக் காசில்தான்.

டாக்கீஸ் இப்போது ஏ.சி. கல்யாண மண்டபம். தை மாதம் தம்பி மகளுக்குத் திருமணம். வீட்டிலேயே வைக்கலாமே என்றேன். அந்தத் தேதியில் ஷூட்டிங், அட்வான்ஸ் வாங்கியாயிற்றாம். ஆகவே, திரை இருந்த இடத்தில் திருப்பூட்டு, தரை டிக்கெட் இருந்த இடத்தில் பந்தி.

அழைப்பிதழ் கிடைத்தவர்கள் நேரே மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். பழைய ஞாபகத்தில் வீட்டுக்குப் போனால் யூனிட் ஆள் உள்ளே விடமாட்டான், பின்வாசல் வழியாகக்கூட.