ஒருவர் மட்டும் கண்ட யானை: பந்திப்பூர் – முதுமலைச் சாலையில் தம்பதியர் காட்சி பற்றிய அளவையியல் ஆய்வு

காட்டில் உள்ள யானைகளை வனத்துறை எண்ணுகிறது. சங்கப் பாடல்களில் உள்ள யானைகளைத் தமிழ்த்துறை எண்ணுகிறது. எண்ணிப் பட்டமும் வாங்கிவிட்டது. இவ்விரு கணக்கிலும் சேராத மூன்றாம் வகை யானை ஒன்று உண்டு. காரில் போகும் கணவன் மனைவி இருவரில் ஒருவர் கண்ணுக்கு மட்டும் பட்டு, மற்றவர் கழுத்தைத் திருப்புவதற்குள் புதருக்குள் போய்விடும் யானை அது. இவ்வகை யானை காட்டில் அரை நொடியும் குடும்பத்தில் ஆயுள் முழுவதும் உறைகிறது என்பதற்கு மேல் இதைப் பற்றி இன்றுவரை எதுவும் நிறுவப்படவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரை. இதன் துணிபு ஒன்றே: தம்பதியர் மலைநாட்டுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் கார் எடுத்துக்கொண்டு போவது விலங்கு காண்பதற்கு அன்று, இருவரில் ஒருவர் மட்டும் விலங்கு காண்பதற்கே. இருவரும் கண்ட யானையும் இருவரும் காணாத யானையும் பயனளவில் ஒன்றுதான் என்பது பின்னர் நிறுவப்படும்.

ஆய்வுக்குரிய களம் மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர் புகுந்து, கக்கநல்லா சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டுக்குள் வந்து, தெப்பக்காட்டில் இடப்பக்கம் திரும்பி மசினகுடி போய், கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி உதகையை அடையும் சாலை. இதில் பந்திப்பூர், 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் இடம்பெற்ற காடு. முதுமலை 1940இலேயே சரணாலயம் ஆனது. தேரோட்டியைப் பழம்புலவர்கள் வலவன் என்றனர். அவ்வழக்கைத் தழுவி, வண்டி ஓட்டுபவர் இங்கே வலவர் என்றும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் இடவர் என்றும் குறிக்கப்படுவர். வலவர் கணவரா மனைவியா என்பது இவ்வாய்வுக்குப் பொருட்டன்று; கண்டவர் காணாதவரை நடத்தும் விதத்தில் பால் வேறுபாடு கிடையாது. பின்னிருக்கையில் குழந்தைகள் இருந்தால் சாட்சி பெருகும் என்பதால் அத்தகைய வண்டிகள் விலக்கப்பட்டன. பின்னிருக்கையில் மாமியார் இருந்தால் அது தனித்துறை.

பிற விலங்குகளை விரைந்து முடித்துவிடலாம். புள்ளிமானை இருவரும் காண்பர். மயிலைக் காண்பர், பேசார். குரங்கு தம்பதியரைக் காணும். வரையாடு முக்குருத்தி உச்சிகளில் இருந்துகொண்டு சாலைக்கு வருவதில்லை. புலி அறிவிப்புப் பலகையில் இருக்கும். எஞ்சியது யானை.

இவ்வளவு பெரிய உடம்பு எப்படி இருவரில் ஒருவருக்கு மட்டும் தெரிகிறது என்று ஐயுறுவோர் உண்ணிச்செடியைக் கருத்தில் கொள்ளவில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரிய இச்செடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலங்காரத்துக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது தோட்டத்தை விட்டு இறங்கி, பந்திப்பூர் முதுமலைக் காடுகளின் அடித்தளத்தில் பெரும்பகுதியைத் தனதாக்கிக்கொண்டது. சாலையோரம் ஆள் உயரத்துக்கு மேல் சுவராக நிற்கும் இதில் அங்கங்கே நாலு மீட்டர் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. ஆகவே ஓர் இடைவெளியின் ஆயுள் அரை நொடி. இடவர் யானையைக் கண்டு “அதோ!” என்று சொல்லி முடிப்பதற்குள் இடைவெளி தீர்ந்துவிடும், வலவர் “எங்கே?” என்று கேட்கும்போது இருவரும் அடுத்த புதரின் முன் இருப்பர். இத்துறையின் மூலநூல் முழுவதும் இந்த இரண்டு சொற்களே. மற்றவை எல்லாம் உரை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதே உண்ணிச்செடியின் தண்டுகளை வளைத்து ஆளுயரத்தை விஞ்சிய யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள் என்பதும், 2021இல் அவற்றில் ஒரு மந்தை லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு நின்றது என்பதும் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகின்றன. புதருக்குப் பின்னால் நிற்பதும் யானை, புதராலேயே ஆனதும் யானை என்று ஆகிவிட்ட பிறகு, “நீ பார்த்தது வெறும் புதர்” என்னும் வலவரின் மறுப்பு மறுப்பாகவே நிற்காது.

இனி அளவை. 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட மணிமேகலையின் 27ஆம் காதை, ஒரு பொருளை அறிந்துகொள்ளும் வழிகள் பத்து என்கிறது. பத்து வியாசருக்கு, கிருதகோடிக்கு எட்டுப் போதும், சைமினிக்கு ஆறு. இப்பகுதியைத் தத்துவ நூல் என்று படித்து வந்தது நம் பிழை. இது மலைச்சாலைப் பயணக் கையேடு என்பதற்கு அகச்சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. உவமம் என்னும் அளவைக்கு அக்காதை தரும் எடுத்துக்காட்டு, கவய மா பசுவைப் போன்றது என்பது. கவய மாவைக் காட்டெருமை என்று கொண்டால், மசினகுடி எல்லையில் மேயும் ஊர்மாட்டைக் காட்டெருமை என்று இடவர் கூவுவதும், குன்னூர்த் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டெருமையை மாடு என்று வலவர் தள்ளிவிடுவதும் இவ்வளவையின் இரு முகங்கள். கருதல் அளவைக்கு அங்கேயே இன்னொன்று இருக்கிறது: காட்டில் யானையின் ஒலி கேட்டவன் அங்கே யானை உண்டு என்று உணர்வது. இயல்பு என்னும் அளவைக்கும் யானையே வருகிறது. அதன் மேல் இருப்பவன் கேட்டால் கொடுக்கவேண்டியது தோட்டி என்னும் அங்குசம்தான், வேறொன்று அன்று என்கிறார் நூலாசிரியர் சாத்தனார். ஐதிகத்துக்கு மரத்தில் பேய் உண்டு என்னும் ஊர்ப்பேச்சு. தெப்பக்காட்டுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள தேநீர்க் கடைகள் ஐதிகத்தின் கருவூலங்கள். “நேத்து சாயந்திரம் இந்த இடத்துலதான் நின்னுச்சு” என்பது அவற்றின் நிலைத்த வாக்கியம். முதுமலையில் யானை நடமாட்டம் மிகுந்த நாள் நேற்று என்பதை இதனால் அறியலாம்.

மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல என்பது அளவை நூலார் ஆயிரம் முறை அரைத்த எடுத்துக்காட்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் அவள் ஆசான் அறவண அடிகளும் இதைச் சொல்கிறார். அளவைகளைக் காண்டல், கருதல் என்று இரண்டாகச் சுருக்கிவிட்டதும் அவரே. சாலை நடுவில் ஆவி பறக்கக் கிடக்கும் லத்தியைக் கண்ட தம்பதியருக்கு இது உடனே பயன்படுகிறது. யானை உண்டு என்று இருவரும் ஒப்புவர். ஆனால் யாரும் மகிழார். கருதலால் கிடைத்த யானை இருவருக்கும் பொது என்பதால் அதில் யாருக்கும் மேன்மை இல்லை. காண்டல் ஒன்றே பிரமாணம் என்று நின்ற உலோகாயதரை மற்றெல்லாச் சமயத்தாரும் இகழ்ந்தனர். மலைச்சாலையில் மட்டும் வலவர் ஒவ்வொருவரும் உலோகாயதரே. தாம் காணாதது இல்லை என்பர்.

இடவர் மரபின் மிகப் பழைய உரைகாரர் (பெயர் தெரியவில்லை) தம் உரையில் (கிடைக்கவில்லை) இவர்களை வன்மையாக மறுத்துள்ளார். அவரை மறுத்த வலவர் மரபினரின் நூலும் அழிந்துவிட்டது. அது எந்த ஊரில் அழிந்தது என்பது பற்றி மட்டும் இரண்டு கட்சிகள் உள்ளன. நல்வினையால் மூலத்தின் ஒரு துணுக்கு, கார் முன்பெட்டியில் புகைச் சான்றிதழுக்கும் காலாவதியான காப்பீட்டுத் தாளுக்கும் இடையே கிடைத்ததாகக் கொள்வோம். அதில் ‘அது யானைதான்’ என்று ஒரு பாடம். அதே துணுக்கைப் பார்த்துப் படியெடுத்த பிரதியில் ‘அது யானைதானா’ என்று பாடம். எந்த மெய்யன்பர் தின்ற ஊட்டி வர்க்கியின் எண்ணெயோ கடைசி எழுத்தின் மேல் படிந்திருக்கிறது. படிந்தது துணைக்கால் என்பார் ஒரு சாரார், வெறும் கறை என்பார் மற்றொரு சாரார். கறை நெய்யால் ஆனதா வனஸ்பதியால் ஆனதா என்று கண்டால் துணுக்கின் காலத்தைத் துணியலாம் என்று மூன்றாம் சாரார் எழுந்தனர். அவர்களுள் ஒருவர் நெய் என்று ஏழு இயல்களில் நிறுவி, எட்டாம் இயலில் தாம் துணுக்கைப் பார்த்ததில்லை என்பதைத் தெரிவித்து, நெறியாளருக்கு நன்றி சொல்லி முடிக்கிறார். இதில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. மணிமேகலையின் காலத்தையே அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் இழுத்திருக்கிறார்கள், இழுத்தவர்களில் எவரும் அந்த நூற்றாண்டில் இருந்தவர் அல்லர். காணாத காலத்தைப் பற்றி அவ்வளவு உறுதி தகும் என்றால், அரை நொடி கண்ட யானையின் தந்தம் எவ்வளவு நீளம் என்று இடவர் கைவிரித்துக் காட்டுவதை மட்டும் ஏன் கடியவேண்டும்?

தடைகளுக்கு வருவோம். வண்டியை நிறுத்திப் பின்னால் எடுத்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடுமே என்பது முதல் தடை. புலிகள் காப்பகத்துச் சாலையில் நிறுத்துவதும் இறங்குவதும் கூடா, அபராதம் உண்டு. சட்டம் இவ்விடத்தில் மெய்ப்பொருளைக் காக்கவே நிற்கிறது. கைபேசியில் படம் எடுத்தால் என்ன என்பது இரண்டாம் தடை. எடுத்திருக்கிறார்கள். கண்ணாடியின் ஒளித்தெறிப்புக்கும் இரண்டு புதருக்கும் நடுவே கருமையாக ஒன்று அதில் இருக்கும். அதைச் சுற்றி இடவர் வரைந்த சிவப்பு வட்டம் பிற்கால இடைச்செருகல் என்பதில் வலவர் மரபினர் அனைவரும் உடன்படுவர். மூன்றாம் தடை நுட்பமானது: கண்டது தெப்பக்காடு முகாமின் கும்கியாக ஏன் இருக்கக்கூடாது? “சங்கிலி இருந்துச்சா?” என்ற ஒரே வினாவால் காட்டு யானையை அரசு ஊழியராக ஆக்கிவிடும் இத்தடைக்கு இடவர்கள் காலந்தோறும் விடை தேடி வருகின்றனர். தந்தம் இல்லாததால் அது பெண் யானை என்று வலவர் அடுத்துச் சொன்னால் அஞ்சவேண்டியதில்லை. தந்தமில்லாத ஆண் யானையும் உண்டு, அதற்கு மக்னா என்று பெயர் என்று சொல்லி இடவர் அங்கே வெல்லலாம்.

இருவரும் சேர்ந்து பார்ப்பதே அன்புக்கு அழகு என்பது இறுதித் தடை. இதை எழுப்புவோர் வனத்துறையின் சவாரி வண்டியில் போய்வந்த தம்பதியரைக் கவனித்ததில்லை. அங்கே வண்டி நிற்கிறது, ஓட்டுநர் கைகாட்டுகிறார், எல்லாரும் யானையைக் காண்கிறார்கள். பிறகு? “பெரிசு” என்பார் ஒருவர். “ஆமாம்” என்பார் மற்றவர். பேச்சு முடிந்தது. இருவரும் எதையும் காணாவிட்டால் இருவரும் சேர்ந்து வனத்துறையைக் குறை சொல்வர். அதுவும் மசினகுடியைத் தாண்டித் தாங்காது. ஒருவர் மட்டும் கண்ட யானையோ கல்லட்டியின் முதல் வளைவில் தொடங்கி முப்பத்தாறாம் வளைவுவரை பேச்சைக் கொண்டுபோகும், உதகையில் அறை எடுத்த பின்னும் ஓயாது, மறுவாரம் உறவினர் வீட்டுத் திருமணத்தில் இரு தரப்பும் தனித்தனியே ஆள் சேர்க்கும் அளவுக்கு வளரும். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர், எந்த வண்டி என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். யார் காணப்போகிறவர் என்று கேட்காதது நிருவாகத்தின் நுண்ணறிவு. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வண்டியை யார் ஓட்டுவது என்ற பூசல் வீட்டு வாசலிலேயே மூண்டு, பாதிப் பேர் புறப்படமாட்டார்கள்.

திரும்பும் பயணம் ஒன்றே எஞ்சிய சிக்கல். போகும்போது இடவர் பக்கம் இருந்த காடு, அதே சாலையில் வரும்போது வலவர் பக்கம் வந்துவிடுகிறது. வழக்குக்குரிய இடம் நெருங்கியதும் வலவர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைப்பார். அங்கே கரும்பாறை ஒன்று இருக்கும். “பார்த்தியா, பாறை” என்று அவர் சொல்லும்போது பாறைவாதம் என்னும் பள்ளி தோன்றுகிறது. இடவர் கலங்குவதில்லை: யானை நின்றது இந்தப் பாறைக்கு முன்னால்தான், அதனால்தான் அன்றைக்குப் பாறை தெரியவில்லை என்பார். பாறை இல்லாதிருந்தால் அது யானையே என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாறை இருப்பினும் இல்லாவிடினும் யானை உண்டு என்றாகும் இம்முடிவைக் கேட்டு வலவர் மறுமொழி தேடிக்கொண்டே வண்டியை ஊர்ந்து செலுத்தினால், பந்திப்பூர்ச் சாலையை இரவு ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார்கள். 2009இலிருந்து அதுதான் நடைமுறை, காலை ஆறுவரை திறக்கமாட்டார்கள். ஆகையால் வலவர் தரப்பு மறுமொழியைக் கூடலூரில் அறை எடுத்துத் தங்கித்தான் கேட்கவேண்டியிருக்கும்.